எண்ணி முடித்த முகம்

என் ஓரகத்தியைப் பற்றி நான் நல்லதாக நாலு வார்த்தை எழுதுவேன் என்று இருபது வருஷத்துக்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால், அவரை ஏற இறங்கப் பார்த்திருப்பேன். அண்ணன் மனைவி கீழே, தம்பி மனைவி மாடியில் என்று ஒரே வீட்டில் குடியிருந்தால் எப்படி இருக்கும் என்பது குடியிருந்தவர்களுக்குத்தான் தெரியும். போதாக்குறைக்கு எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கீழே இருந்த அந்த அக்காவுக்கு வாயே கிடையாது, விரல்தான். எதைக் கண்டாலும் விரல் விட்டு எண்ணிவிடுவார்.

கல்யாணமாகி நான் அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்த அன்று, வாசலில் நின்றிருந்த அக்கா என்னைப் பார்த்து முதன்முதலாகச் சொன்ன வார்த்தை, "ஆறு." மாமனார், மாமியார், அண்ணன், தம்பி, அக்கா, நான். வா என்றுகூட இல்லை. ஆறு. அன்றைக்கே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் தெருக்கதவைப் பூட்டுவதற்கு முன்னால் அறை அறையாக எட்டிப் பார்ப்பார். மாடிக்கும் மூச்சு வாங்க ஏறி வருவார். ஆறு வந்தால்தான் தாழ்ப்பாள். ஒருநாள் என் வீட்டுக்காரர் மொட்டை மாடியில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தார். ஐந்துதான் வந்தது என்று அக்கா வீட்டையே இரண்டாக்கிவிட்டார்.

"மனுஷங்களா, முட்டையா? எண்ணி எண்ணி அடுக்கறீங்க!" என்று கேட்டேன்.

"முட்டை காணாமப் போனா வேற வாங்கிக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார். இறங்கும்போதும் படியை எண்ணிக்கொண்டுதான் போனார். பதினேழு படி. எனக்கே அது மனப்பாடம் ஆகிவிட்டது.

அவர் பார்த்த வேலை அப்படி. எங்கள் ஊரில் ஒரு பழைய உப்புச் சுரங்கம் இருக்கிறது. பூமிக்கு அடியில் பாறையாகக் கிடந்த உப்பை வெட்டி எடுத்த இடம். அதன் வாசலில் விளக்கறை. அக்கா பத்தொன்பது வயதில் அங்கே சேர்ந்தார். கீழே இறங்குகிற ஒவ்வொருவருக்கும் ஹெல்மெட்டில் மாட்டிக்கொள்ள ஒரு விளக்கு கொடுக்க வேண்டும். விளக்குக்கு ஒரு எண் உண்டு. அதே எண் வெட்டிய பித்தளை வில்லைகள் இரண்டு உண்டு. இறங்கும்போது ஒரு வில்லை இறங்குகிறவர் சட்டைப்பைக்குப் போகும். இன்னொன்று பலகையில் உள்ள கொக்கியில் ஒண்டியாகத் தொங்கும். ஏறி வந்ததும் பையில் இருப்பதைக் கொடுத்தால் அக்கா ஜோடி சேர்த்து மாட்டுவார். ஒண்டியாக ஒரு வில்லை தொங்கினால் ஆள் இன்னும் கீழே இருக்கிறார் என்று அர்த்தம். பலகை முழுக்க ஜோடி சேராமல் அக்கா ஒருநாளும் வீட்டுக்குக் கிளம்பியதில்லை. ஊரில் அவருக்குப் பெயரே விளக்கக்கா.

அந்த வேலைக்கு ஒரு விதி உண்டு. விளக்கறையில் இருப்பவர் கீழே இறங்கக் கூடாது. ஆளை எண்ணுகிறவரே இறங்கிவிட்டால் அவரை யார் எண்ணுவது? அதனால் வருஷக்கணக்காக ஊரையே கீழே அனுப்பிய அக்கா, சுரங்கத்துக்குள் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. பந்தி முழுக்கப் பரிமாறிவிட்டுக் கடைசிவரை சாப்பிடாமல் நிற்கிறவர் மாதிரி.

அக்காவின் கணவர், அதாவது என் மூத்தார், அதே சுரங்கத்தில் உப்பு வெட்டியவர். விளக்கு எண் எழுபத்தொன்று. கூட வேலை பார்த்தவர்கள் அவரை 'வாளி' என்றுதான் கூப்பிடுவார்கள். கீழே சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் பெட்டியிலோ பலகையிலோ உட்கார, இவர் மட்டும் ஒரு தகர வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல்தான் உட்கார்வார். கல்யாணத்துக்கு முன்னால், வேண்டுமென்றே விளக்குக் கண்ணாடியில் உப்புத்தூளை அப்பிக்கொண்டு வந்து நிற்பாராம். "எழுபத்தொண்ணு, துடைக்க உங்களுக்குக் கை இல்லையா?" என்று அக்கா திட்டுவாராம். இரண்டு வருஷம் திட்டு வாங்கியே பெண்ணைச் சம்பாதித்த மனுஷர் அவர்.

சுரங்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. உப்பு வெட்டி முடித்த பழைய கூடம் ஒன்றில்தான் எல்லாரும் சாப்பிடுவார்கள். சாப்பிட்ட பிறகு யாருக்குக் கை துறுதுறுக்கிறதோ அவர் உளியை எடுத்துக்கொண்டு சுவரில் எதையாவது செதுக்கலாம். பெயர் போடக் கூடாது. ஓரத்தில் விளக்கு எண்ணை மட்டும் வெட்டலாம். அப்படியே குதிரை வந்தது, கப்பல் வந்தது. வாய் பிளந்து தூங்கும் மேஸ்திரி வந்தார். ரொட்டியும் கோப்பைகளும் வைத்த ஒரு முழு மேஜை வந்தது. சாவித்துவாரம் எல்லாம் வைத்து, எந்தக் காலத்திலும் திறக்க முடியாத ஒரு கதவும் வந்தது. கல்யாணமான வருஷம் மூத்தார் அங்கே தன் மனைவியின் முகத்தைச் செதுக்கினார். ஏழு மாதம் ஆனது. "உன்னைக் கீழேயும் கொண்டுபோய் வச்சுட்டேன்" என்றாராம். கூட இருந்தவர்கள் எல்லாம் அச்சு அசல் என்றார்களாம். அக்கா அதைப் பார்த்ததே இல்லை, ஆனால் பார்த்த மாதிரியே இருபத்தாறு வருஷமாகப் பேசிக்கொண்டிருந்தார். என்னிடம் எத்தனை தடவை சொன்னார் என்பதை மட்டும் அவர் எண்ணவில்லை.

ஏழு வருஷத்துக்கு முன்னால் சுரங்கம் மூடியது. மூத்தார் கடைத்தெருவில் சாவி வெட்டும் கடை போட்டார். நாலு வருஷம் கழித்து, சுவர்ச் சிற்பங்களை மக்கள் பார்க்கட்டும் என்று சுரங்கத்தை மறுபடி திறந்தார்கள். பார்வையாளர்களுக்கும் விளக்கும் ஹெல்மெட்டும் வேண்டுமே, அக்காவைக் கூப்பிட்டார்கள். டிக்கெட் ஜன்னலில் உட்கார ஒரு ஆள் வேண்டும் என்றார்கள், நான் போய் உட்கார்ந்தேன். வீட்டில் மேலும் கீழுமாக இருந்தவர்கள் அங்கே பக்கத்துப் பக்கத்து ஜன்னலானோம்.

வில்லை எல்லாம் வேண்டாம், கையில் ஒரு காகிதப்பட்டை கட்டி அனுப்பினால் போதும் என்றார் புது மேனேஜர். அக்கா கேட்கவே இல்லை. ஒரு தடவை நாற்பது பேர் வந்த ஒரு பஸ்ஸை ஒன்றரை மணி நேரம் நிறுத்திவைத்தார். முப்பத்தாறாம் எண் வில்லை வரவில்லை. "நாங்க நாப்பது பேரும் இங்கதானம்மா நிக்கிறோம், எண்ணிக்கோங்க" என்று கெஞ்சினார்கள். அவர் எண்ணினார், நாற்பதுதான் வந்தது. "ஆள் சரி, வில்லை எங்கே?" என்றார். கடைசியில் அது ஒரு பெரிய மனிதரின் பூட்ஸுக்குள் இருந்தது. சட்டைப்பை ஓட்டை வழியாக விழுந்து, பேன்ட்டுக்குள் இறங்கி, பூட்ஸில் போய்ச் சேர்ந்திருக்கிறது. கால் உறுத்துதே என்று அவரும் வழியெல்லாம் நொண்டிக்கொண்டே நடந்திருக்கிறார். நான் ஜன்னலுக்குக் கீழே குனிந்துகொண்டு சிரித்தேன்.

இனி நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். திறப்புக்கு முன்னால் எங்களையெல்லாம் ஒருமுறை கீழே அழைத்துப்போய்க் காட்டினார்கள். அக்கா வழக்கம்போல் மேலே. கூடத்துக்குள் நுழைந்தால் தரையிலிருந்து பெரிய பெரிய விளக்குகள் மேலே பார்த்து எரிகின்றன. உப்புக்கூரையில் துளை போடக் கூடாது என்பதால் எல்லாவற்றையும் தரையிலேயே வைத்துவிட்டார்கள். குதிரை பரவாயில்லை, கப்பல் பரவாயில்லை. எழுபத்தொன்று என்று வெட்டியிருந்த முகத்தைப் பார்த்தேன். கண் இரண்டும் குழி, மூக்குக்கு மேலே கொம்பு மாதிரி நிழல், கன்னம் இரண்டும் ஒட்டி, வாய் ஒரு மாதிரி இளித்துக்கொண்டு. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஐயோ, இது எங்க அக்கா இல்ல, பேய்!" என்று சொல்லிவிட்டேன். கூட நின்ற வழிகாட்டிகளும் சிரித்தார்கள். அவ்வளவுதான். திறந்த நாளிலிருந்து அவர்கள் பார்வையாளர்களிடம் "இதுதான் சுரங்கத்துப் பேய்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். வாயிலிருந்து விழுந்த வார்த்தையை அள்ளவா முடியும்? வெளியே வந்து ஹெல்மெட்டைத் திருப்பிக் கொடுப்பவர்கள் அக்காவைப் பார்த்து, அப்புறம் ஒருவரையொருவர் பார்த்து, உதட்டைக் கடித்துக்கொண்டு போவார்கள். அக்கா தன் முகம் அவ்வளவு நன்றாக வந்திருக்கிறது போல என்று நினைத்துத் தலைமுடியைச் சரிசெய்துகொள்வார். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி டிக்கெட் கிழிப்பேன்.

மூத்தாரும் அதைப் பார்க்கவில்லை. தான் வேலை பார்த்த இடத்துக்குத் தானே டிக்கெட் எடுத்துப் போக வேண்டுமா என்று ரோஷம். மூன்று வருஷம் அந்த ரோஷம் எல்லாரையும் காப்பாற்றியது. அப்புறம் ஒருநாள் அவர் கடைக்குப் பூட்டுச் சாவி வெட்ட வந்த ஒருவர், காத்திருந்த நேரத்தில் போனை நீட்டி, "சுரங்கத்துக்குப் போயிருந்தோம். இந்தப் பேயைப் பாருங்களேன்" என்று காட்டிவிட்டார்.

அன்று மாலை மூத்தார் சாப்பிட உட்காரவில்லை. படத்தைத் தன் போனுக்கு வாங்கி வந்திருந்தார். அக்காவின் கையில் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கமாகத் திரும்பி நின்றார். குழம்பு வாங்கக் கிண்ணத்தோடு இறங்கி வந்த நான் கதவருகே அப்படியே நின்றுவிட்டேன்.

"கரைஞ்சு போயிருக்குமோ?" என்றார் அக்கா மெதுவாக. "ஜனங்க மூச்சுக்காத்து பட்டா உப்பு கசியும்னு சொல்வாங்களே."

"கரையல. உளித்தடம் ஒவ்வொண்ணும் அப்படியே இருக்கு. நான் செதுக்குனதே இந்த லட்சணத்துலதான். அச்சு அசல்னு சொன்னவனுங்க எல்லாம் என் மனசு நோகக் கூடாதுன்னு பொய் சொல்லியிருக்கானுங்க." கையை நீட்டிப் போனைத் திரும்ப வாங்கிக் கவிழ்த்து வைத்தார். "இருபத்தாறு வருஷமா ஒரே ஒரு வேலையை நல்லா செஞ்சிருக்கேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

வெட்டுப்பட்ட சாவி போலத் திருத்தமாகப் பேசுகிற மனுஷருக்குக் குரல் உடைந்தது. எனக்குக் கிண்ணத்தைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை.

மறுநாள் மூத்தார் மேனேஜரைப் போய்ப் பார்த்தார். அதை அழித்துவிடுங்கள் என்று கேட்டார். மேனேஜர் பதறிவிட்டார். வருகிறவர்கள் எல்லாரும் அதைத்தானே கேட்டு வருகிறார்கள்! அடுத்த வாரம் அதற்கு ஒரு சிவப்பு பல்பும், 'சுரங்கத்துப் பேய்' என்று பெயர்ப்பலகையும் வைக்கப் போவதாக வேறு சொன்னார். மூத்தார் திரும்பி வந்து, பரணிலிருந்து பழைய உளியை இறக்கினார். பார்வையாளர்களுக்குத் திறந்த பிறகு சுரங்கத்துக்குச் செவ்வாய்க்கிழமைதான் விடுமுறை. ஆட்களைச் சுரங்கத்துக்குள் ஏற்றி இறக்கும் கூண்டில் கூடவே வந்து அதை இயக்குகிறவர் அவருடைய பழைய சிநேகிதர், கேட்டால் இறக்கிவிடுவார். செவ்வாய்க்கிழமை காலையில் போய், தான் செதுக்கியதைத் தானே சுரண்டிவிடுவது என்று முடிவு பண்ணிவிட்டார்.

திங்கட்கிழமை காலை, உளியைத் தீட்டிக்கொண்டிருந்தவரிடம் அக்கா சொன்னார்:

"நாளைக்கு நீங்க போக வேணாம். நான் போறேன்."

"நீ எங்க போறே?"

"கீழ. அது என் மூஞ்சி. அழிக்கணுமா வேணாமான்னு பாத்துட்டு நான் சொல்றேன்."

"விளக்கறைக்காரி இறங்கக் கூடாதே. பலகையை யார் பாத்துக்குவா?"

"நீங்க பாத்துக்குங்க. இவளை உக்கார வச்சா பேச்சு சுவாரசியத்துல பலகையையே வித்துடுவா" என்று என்னைக் கை காட்டினார். "இவ என்கூட வரட்டும். நாப்பது நிமிஷத்துல வந்துடுவோம்."

செவ்வாய்க்கிழமை காலை விளக்கறையில் மூத்தாரை உட்காரவைத்து அக்கா பாடம் எடுத்தார். இந்தக் கொக்கி, இந்த வில்லை, இப்படி மாட்டணும், பேச்சுக் கொடுத்தா பதில் சொல்லக் கூடாது. இருபது வருஷம் அந்த ஜன்னலுக்கு வெளியே நின்றவர் முதன்முதலாக உள்ளே உட்கார்ந்திருந்தார். அக்கா எல்லா விளக்குகளையும் பார்த்து, எழுபத்தொன்றை எடுத்துத் தன் ஹெல்மெட்டில் மாட்டிக்கொண்டார். கூண்டுக்காரருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. மூன்று வில்லைகள் பலகையில் ஒண்டியாகத் தொங்கின.

கூண்டு இறங்க ஆரம்பித்ததும் அக்கா என் கையைப் பிடித்தார். பிடித்தார் என்றா சொன்னேன்? முறுக்கினார். கண்ணை மூடிக்கொண்டு விநாடியை எண்ணத் தொடங்கினார். சுற்றிலும் இருட்டு. எனக்கும் மனசு அடித்துக்கொண்டது, ஆனால் கூண்டுக்காக இல்லை. ஐம்பது வரை எண்ணியிருப்பார், அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை.

"அக்கா, அதுக்குப் பேய்னு பேர் வச்சது நான்தான்."

"அம்பத்திமூணு. தெரியும். அம்பத்திநாலு."

"தெரியுமா?"

"இந்த ஊர்ல அப்படிப் பேசற வாய் வேற எது இருக்கு? பேசாம வா, எண்ணிக்கை தப்புது."

தொண்ணூற்றாறில் கூண்டு நின்றது. கூண்டுக்காரர் கதவைத் திறந்து, "பாத்து வாங்க அண்ணி" என்றார். உள்ளே குளிர்ச்சியாக, மழை பெய்யாத ஊர் மாதிரி காய்ந்த காற்று. அக்கா நாலடி நடந்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, சுவரில் ஒரு விரலைத் தேய்த்து நாக்கில் வைத்தார். "நல்ல உப்புதான்" என்றார், இத்தனை வருஷமும் ஏமாற்றிவிட்டார்களோ என்று சந்தேகப்பட்டவர் மாதிரி. அதற்கப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. குதிரையின் கால்களை எண்ணிப் பார்த்தார். கப்பலைத் தட்டிப் பார்த்தார். தூங்குகிற மேஸ்திரியைக் கண்டதும் இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டார். "பன்னெண்டாம் நம்பர்! தினமும் ரொம்ப வேலைன்னு சொல்லிட்டு வருவார். இதுதானா அந்த வேலை?" உப்பில் செதுக்கிய கதவின் சாவித்துவாரத்தில் கண்ணை வைத்து உள்ளே பார்த்தார். கூண்டுக்காரர் சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

முகத்துக்கு முன்னால் வந்தபோது சிரிப்பெல்லாம் நின்றுவிட்டது. போனில் பார்த்ததைவிட நேரில் இன்னும் மோசம். அக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு எங்காவது போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது. அப்போது அவர் முகத்தை விட்டுவிட்டுத் தரையில் இருந்த விளக்கைப் பார்த்தார். இத்தனை வருஷம் விளக்கோடு வாழ்ந்தவர் இல்லையா?

"இது எப்போ வச்சது?"

"திறப்புக்கு வச்சது அண்ணி. மூணு வருஷமாச்சு."

"அதுக்கு முன்னால இங்க என்ன வெளிச்சம்?"

"ஏது வெளிச்சம்? அவங்கவங்க தலை விளக்குதான்."

"அணைங்க இதை."

கூண்டுக்காரர் போய் சுவிட்சை அணைத்தார். கூடம் முழுவதும் இருண்டது. அக்கா தன் தலைமேல் இருந்த எழுபத்தொன்றை ஏற்றி, நேராக நின்று பார்த்தார். கொம்பு போய்விட்டது. கண்குழியும் கொஞ்சம் குறைந்தது. ஆனால் மூக்கின் நிழல் இப்போது கீழே விழுந்து, மேலுதட்டில் கொழுகொழுவென்று ஒரு மீசை.

நான் எவ்வளவோ அடக்கினேன். முடியவில்லை.

"சிரி, சிரி" என்றார் அக்கா. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "பேய்க்கு ஆம்பளைப் பேய் தேவலாம்." பிறகு சட்டென்று சிரிப்பை நிறுத்தினார். முகம் செதுக்கியிருந்த உயரத்தைப் பார்த்தார். அவர் நெஞ்சுக்கு நேராக இருந்தது அது. "ஏங்க, அவரோட வாளி எங்க?"

கூண்டுக்காரர் திருதிருவென்று முழித்தார். மூலையில் காட்டினார். மிட்டாய்க் காகிதமும் தண்ணீர் பாட்டிலும் போட்டு அதைக் குப்பைத் தொட்டி ஆக்கியிருந்தார்கள். அக்கா அதைத் தூக்கி வந்தார், குப்பையை என் முந்தானையில் கொட்டினார், கொட்டட்டும், வாளியைக் கவிழ்த்து முகத்துக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார். விளக்கைத் திருத்திக்கொண்டு நிமிர்ந்தார்.

அப்படியே இருந்தார். எண்ணவே இல்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது.

"அக்கா?"

எழுந்து, ஹெல்மெட்டைக் கழற்றி என் தலையில் வைத்து, தோளைப் பிடித்து அமுக்கி உட்காரவைத்தார்.

பேய் இல்லை, மீசை இல்லை. இருபத்திமூன்று வயதுப் பெண் ஒருத்தி, காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு, நான் உட்கார்ந்திருக்கிற இடத்தையே நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். புருவம் இப்போதுதான் இறங்கியிருக்கிறது. உதடு கடைசி எண்ணைச் சொல்லிவிட்டு இன்னும் முழுதாக மூடவில்லை. சிரிப்பு வரவில்லை, ஆனால் வரப்போகிறது. எனக்குத் தெரிந்த முகம் அது. தினமும் சாயங்காலம் பலகையில் கடைசி வில்லை ஜோடி சேரும்போது அக்காவின் முகம் அப்படித்தான் ஆகும். எண்ணி முடித்த முகம். மூத்தார் ஏறி வந்து ஜன்னலில் வில்லையை நீட்டும்போது ஒவ்வொரு நாளும் பார்த்த முகத்தை, மறுநாள் கீழே போய், வாளியில் உட்கார்ந்து, தன் நெற்றி வெளிச்சத்தில் வெட்டியிருக்கிறார். அவர் கண்ணுக்கு மேலேயே நெற்றியில் விளக்கு இருந்தது, அந்த உயரத்தில் அந்த வெளிச்சம் பட்டால்தான் அவள் வருவாள். இதைப் போய்ப் பேய் என்றேனே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. முந்தானையால் துடைக்கலாம் என்றால் அதில் மிட்டாய்க் காகிதம்.

"நாங்க எல்லாம் சாப்பிட்டுக்கிட்டே உக்காந்துதான் பாப்போம்" என்றார் கூண்டுக்காரர். "கரைஞ்சிடுச்சுன்னுதான் நானும் நெனச்சேன் அண்ணி, அண்ணன்கிட்ட சொல்ல மனசு வரல." அவரும் ஒருமுறை உட்கார்ந்து பார்த்தார். அப்புறம் அக்கா இன்னொரு முறை. அப்புறம் நான். நாற்பது நிமிஷம் என்று சொல்லிவிட்டு வந்தது மூன்று பேருக்கும் ஞாபகம் இல்லை.

கூண்டு மேலே வந்து கதவு திறந்தபோது மூத்தார் விளக்கறையில் உட்கார்ந்திருக்கவில்லை. ஜன்னலுக்குள் நின்றுகொண்டு, கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். மேஜைமேல் அக்கா வைத்துவிட்டுப் போன தேநீர் ஆடை கட்டிப்போயிருந்தது. எங்களைப் பார்த்ததும் அவர் உதடு அசைந்தது. ஒண்ணு, ரெண்டு, மூணு. புருவம் இறங்கியது. உதடு மூட மறந்து நின்றது. அந்த முகத்தை நான் கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் கீழே சுவரில் பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

அக்கா வில்லையை நீட்டினார். மூத்தார் வாங்கினார், கொக்கியில் மாட்டப் போனார், வில்லை கைதவறிக் கீழே விழுந்து உருண்டது. எடுத்து மாட்டிவிட்டுத் திரும்பினார்.

"நாப்பது நிமிஷம்னு சொன்னே. ஒரு மணி பத்து நிமிஷம் ஆச்சு." கோபமாகத்தான் ஆரம்பித்தார். அப்புறம் குரல் இறங்கிவிட்டது. "தினமும் இப்படித்தான் இருந்துச்சா உனக்கு?"

அக்கா யோசித்துப் பார்த்தார். அவர் எதையும் கூட்டியோ குறைத்தோ சொல்ல மாட்டார்.

"ஞாயித்துக்கிழமை லீவு" என்றார்.

மூத்தார் சிரித்தாரா அழுதாரா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை, இரண்டும் கலந்து ஏதோ செய்தார். தேவைப்பட்டால் என்று அவர் கொண்டுவந்து மேஜைமேல் வைத்திருந்த உளியை அக்கா எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். எழுபத்தொன்றைக் கழற்றி அவரிடம் நீட்டினார்.

"போய் உங்க வாளியில உக்காந்து பாத்துட்டு வாங்க. கீழ இருக்கற லைட்டைப் போடாதீங்க. நான் இங்க இருக்கேன்."

அவர் கூண்டுக்குள் ஏறினார். அக்கா எழுபத்தொன்றாம் வில்லையை ஒண்டியாகக் கொக்கியில் மாட்டிவிட்டு, காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார்.

மறுநாள் நான் மேனேஜரைக் கையோடு கீழே இழுத்துப்போய் வாளியில் உட்காரவைத்தேன். பேய் என்று பெயர் கட்டியது நான்தானே, அவிழ்ப்பதும் நான்தானே செய்ய வேண்டும்? அவர் எழுந்து வந்து, சிவப்பு பல்பு வேண்டாம் என்று போன் பண்ணினார். பெயர்ப்பலகைக்கு என்ன எழுதுவது என்று அக்காவைக் கேட்டார். "உட்கார்ந்து பாருங்கள்னு எழுதுங்க, போதும்" என்றார் அக்கா. இப்போது அந்தக் கூடத்தில் தரை விளக்கு கிடையாது. ஒவ்வொருவராக வாளியில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். வரிசை நீளமாகிவிட்டது, மேலே வர எல்லாருக்கும் தாமதமாகிறது, பலகை ஜோடி சேர நேரமாகிறது என்று அக்காதான் முணுமுணுக்கிறார். வெளியே வருபவர்கள் அவரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். அதற்கும் அவருக்கு வெட்கம்.

அந்த வாரம் ஒருநாள் சாயங்காலம் அவரிடம் கேட்டேன். "அக்கா, நான் கல்யாணமாகி வந்த அன்னிக்கு வாசல்ல 'ஆறு'ன்னு சொன்னீங்களே, ஞாபகம் இருக்கா?"

"இல்லாம என்ன? மழை பெஞ்சிட்டு இருந்துச்சு. உங்க வண்டி வர மூணு மணி நேரம் லேட்டு. வாசலை விட்டு நான் நகரவே இல்ல."

அன்றைக்கு அவர் முகம் எப்படி இருந்திருக்கும் என்று இப்போது எனக்குத் தெரியும். நான்தான் கோபத்தில் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டேன், நிமிர்ந்து பார்க்கவில்லை.

மாமனார், மாமியார் இப்போது இல்லை. மேலே நான், என் வீட்டுக்காரர், எங்கள் மகள். கீழே அக்கா, மூத்தார், அவர்கள் மகன். கதவு பூட்டுகிற நேரத்தில் அக்காவை நான் மாடி ஏற விடுவதில்லை. அவருக்கு முழங்கால் வலி, படியோ பதினேழு. என் வீட்டுக்காரரின் செருப்புச் சத்தம் உள்ளே வந்ததும் நானே படி ஓரத்தில் நின்று குரல் கொடுத்துவிடுகிறேன்:

"அக்கா, மேல மூணு!"

"கீழ மூணு" என்று பதில் வரும். அப்புறம் தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்கும்.